கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்

நவம்பர் பிறந்தால் கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் படகுத்துறையில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். முதல் வகையினர் பாய்மர உச்சியில் தொங்கிக்கொண்டு கப்பி மாற்றுவார்கள். தள்ளுவண்டி நிறைய முட்டையும் உருளைக்கிழங்கும் தள்ளிக்கொண்டு வருவார்கள். படகுச் சொந்தக்காரர்கள். இரண்டாம் வகையினர் முதுகுப்பையோடு மிதவைப் பாலங்களில் மேலும் கீழுமாக நடந்து, ஒவ்வொரு படகின் முன்னாலும் நின்று, "ஆள் தேவைப்படுமா?" என்று விசாரிப்பார்கள். அறிவிப்புப் பலகைகளில் அவர்கள் ஒட்டிய சீட்டுகள் காற்றில் படபடக்கும்: பெயர், வயது, சமைக்கத் தெரியும், கரீபியன் வரை வரத் தயார்.

ஜிம்மி கார்னெல் 1986இல் தொடங்கிய அட்லாண்டிக் பாய்மரப் பேரணி ஆண்டுதோறும் இந்தத் துறையிலிருந்துதான் கிளம்புகிறது. முடியும் இடம் செயின்ட் லூசியா தீவின் ராட்னி பே. நடுவில் சுமார் 2,700 கடல் மைல். பன்னிரண்டு மீட்டர் நீளப் படகொன்று, வியாபாரக் காற்று கைகொடுத்தால், ஏறக்குறைய மூன்று வாரத்தில் கடந்துவிடும். பேரணியில் சேராத படகுகளும் இதே பருவத்தில் இதே காற்றைப் பிடித்துத்தான் மேற்கே போகின்றன. பலவற்றுக்குக் கூடுதலாக ஓரிரு கைகள் தேவை. கணவனும் மனைவியும் மட்டும் இரவு பகலாகக் கண்விழித்துக் கடப்பது களைப்பான வேலை.

இப்படித்தான் முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஒரு படகில் ஏறுகிறார்கள். ஸ்கிப்பர் என்று இங்கே சொல்வது சம்பளக் கேப்டனை அல்ல. பெரும்பாலும் அவர் படகின் உரிமையாளர், ஓய்வுபெற்றவர், சேமிப்பின் பெரும்பகுதியை அந்தப் படகில் போட்டவர். க்ரூ என்பவரும் சம்பளம் வாங்கும் மாலுமி அல்லர். வேலையும் செய்வார், செலவிலும் பங்கு போடுவார். விருந்தாளியா, வேலைக்காரரா, கூட்டாளியா என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த நிலையிலிருந்துதான் பாதித் தகராறுகள் கிளம்புகின்றன.

கடலுக்குள் போய்விட்டால் ஸ்கிப்பர் சொல்வதே முடிவு. சட்டமும் அப்படி, வழக்கமும் அப்படி, பாதுகாப்புக்கும் அதுவே சரி. பாயைச் சுருக்கு என்றால் முதலில் சுருக்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆகவே க்ரூவாகப் போகிறவருக்குப் பேரம் பேசவும், கேள்வி கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் உள்ள இடம் கரை மட்டுமே. இதைப் புரிந்துகொள்ளாமல், "ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கிளம்புகிறவர்கள் பத்தாம் நாள் நடுக்கடலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவார்கள்.

முதலில் பணம். முதல் சந்திப்பிலேயே காசு பற்றிக் கேட்பது நம்மவர்களுக்குக் கூச்சம். ஸ்கிப்பர்களுக்கோ அதைக் கேட்காத ஆள்மீதுதான் சந்தேகம் வரும். பரவலாக உள்ள வழக்கம் இது: படகு நிற்கும் ஊருக்கு வந்து சேரும் செலவும், முடிந்த ஊரிலிருந்து வீடு திரும்பும் செலவும் க்ரூவுடையவை. சாப்பாட்டுச் செலவு தலைக்குச் சமமாகப் பிரியும். டீசலும் துறைமுகக் கட்டணமும் சில படகுகளில் பொது, சிலவற்றில் சொந்தக்காரர் கணக்கு. பழுது, காப்பீடு, பாய், கயிறு எல்லாம் சொந்தக்காரருடையவை. கயிறு இழுக்கும் வின்ச்சின் கைப்பிடி கைதவறிக் கடலில் விழுந்தால் அது யார் கணக்கு என்பதையும் கேட்டுவிடலாம். கேட்பவரைப் பார்த்து ஸ்கிப்பர் சிரித்தால் நல்ல சகுனம்.

நாளொன்றுக்கு இவ்வளவு என்று பெருந்தொகை கேட்கும் ஸ்கிப்பர்களும் உண்டு. அங்கே சற்று நிதானிக்க வேண்டும். பிரிட்டிஷ் விதிகளின்படி, சொந்த உல்லாசப் படகு என்ற வகையில் இருக்கும் ஒன்று, கூட வருகிறவர்களிடம் அந்தப் பயணத்தின் நேரடிச் செலவுக்கான பங்கை மட்டுமே வாங்கலாம். அதற்கு மேல் வாங்கினால் அது வணிகப் படகாகிவிடும். தகுதிச் சான்று, பரிசோதனை, காப்பீடு எல்லாமே வேறு. லாபத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் குடும்பப் பயணம் என்று சொல்லும் படகில் ஏறுவது, விபத்து நேர்ந்தால் கைவிரிக்கப்படுவதற்கு ஒப்புக்கொள்வதாகும். பேசியதை ஒரு பக்க மின்னஞ்சலாக எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை.

தேதி விஷயத்தில் ஒரு விதி உண்டு. எந்த ஊர் என்று சொல்லலாம், அல்லது எந்த நாள் என்று சொல்லலாம். இரண்டையும் சேர்த்து உறுதி சொல்லும் ஸ்கிப்பரை நம்ப வேண்டாம். திரும்பும் விமானச் சீட்டைத் தேதி மாற்ற முடியாத மலிவு விலையில் வாங்கி வைத்துக்கொண்டு, "பதினெட்டாம் தேதிக்குள் போய்விடுவோமா?" என்று தினம் கேட்கும் க்ரூவை எந்தப் படகும் விரும்பாது. தேதிக்கு ஓடும் படகு தவறான காற்றில் கிளம்பும்.

அடுத்தது பாஸ்போர்ட். ஸ்கிப்பர் அதை வாங்கிப் பார்ப்பதும், ஊர் திரும்பும் அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று விசாரிப்பதும் அவமதிப்பு அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது அவர் க்ரூ பட்டியல் ஒன்றில் கையெழுத்திட்டுக் குடிவரவு அதிகாரியிடம் தருகிறார். பல நாடுகளில், அந்தப் பட்டியலில் உள்ளவர் கையில் காசில்லாமல் நின்றால் அவரை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு படகின் தலையில் விழும். பிரெஞ்சு பாலினேசியாவில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்கு, திரும்பும் செலவுக்கு ஈடாக முன்வைப்புத் தொகையோ ஏஜென்ட் வழியான உத்தரவாதமோ கேட்பார்கள். இதனால்தான் சில ஸ்கிப்பர்கள் விமானக் கட்டண அளவு பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, இறங்கும்போது திருப்பித் தருகிறார்கள். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் முத்திரை குத்தும் வேலை முடிந்த பிறகும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராமல் பூட்டி வைப்பது நியாயமல்ல. படகுக் காகிதங்களோடு ஒரே உறையில் இருக்கலாம். கேட்ட நிமிடத்தில் கைக்கு வர வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவர்களுக்குச் சுமை கொஞ்சம் கூடுதல். கனாரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை என்பதால் ஷெங்கன் விசா வேண்டும். கரீபியனில் உள்ள மார்ட்டினிக் பிரான்சின் பகுதிதான் என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது; அந்த விசாவை நம்பி அங்கே இறங்கிவிட முடியாது. வழியில் எந்தத் தீவுகளில் ஒதுங்கும் வாய்ப்பு உண்டு என்று ஸ்கிப்பரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விசாவைச் சரிபார்ப்பது க்ரூவின் வேலை. ஒருவழி விமானச் சீட்டோடு படகில் சேரப் போகிறவரை விமான நிலையத்திலேயே தடுப்பார்கள். படகின் பெயர், பதிவெண், பயணத் திட்டம் குறிப்பிட்டு ஸ்கிப்பர் தரும் கடிதம் அப்போது உதவும்.

ஸ்கிப்பர் க்ரூவைச் சோதிப்பதைப் போல க்ரூவும் படகைச் சோதிக்க வேண்டும். இதில் தயக்கமே கூடாது. உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது? உடல் அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அதில் கவட்டுப் பட்டை உண்டா? ஆபத்துச் சமிக்ஞைக் கருவி இந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா? முக்கியமான இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை: படகு எப்போதாவது தரைதட்டியதுண்டா? 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபீக்கி' என்ற பாய்மரப் படகின் கீல், அதாவது அடியில் பிணைந்து கவிழாமல் காக்கும் எடை, அட்லாண்டிக் நடுவில் கழன்றது. அதிலிருந்த நால்வரும் கிடைக்கவே இல்லை. கவிழ்ந்து மிதந்த படகைக் கண்டுபிடித்தபோது உயிர்காப்பு மிதவை வெளியே எடுக்கப்படாமல் அதிலேயே இருந்தது. முன்பு தரைதட்டியதாலும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளாலும் கீல் பிணைந்திருந்த இடம் பலவீனமாகியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணை அமைப்பு. நல்ல ஸ்கிப்பர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தரைப்பலகையைத் தூக்கிக் கீல் போல்ட்டுகளையே காட்டுவார்.

பெண் க்ரூ கேட்க வேண்டியவற்றை மழுப்பாமல் கேட்பது நல்லது. தனி அறையா, கதவு உண்டா, யார் யார் வருகிறார்கள்? முன்பு இந்தப் படகில் போன பெண்களிடம் பேச முடியுமா? "தோழமை எதிர்பார்க்கப்படும்" என்ற தொனியில் ஒரு வரி வந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். படகின் பெயர், பதிவெண், ரேடியோ அடையாள எண் மூன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டு ஏறுவது எல்லோருக்கும் பொருந்தும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு பகல் சேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். துறையில் படகைக் கட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்கிப்பரின் குணம் முழுதாகத் தெரிந்துவிடும். யார் எந்தக் கயிறு, எந்தப் பக்கம் மோதல் தாங்கும் ஃபெண்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாக வருகிறவர் ஒரு ரகம். ஒன்றும் சொல்லாமல் வேகமாக வந்து, கடைசி நொடியில் "குதி!" என்று கத்துகிறவர் இன்னொரு ரகம். குதிக்கவே கூடாது. கால் எட்டி வைக்கும் தூரம் வரும்வரை படகிலேயே நிற்பதுதான் முறை; கணுக்காலை உடைத்துக்கொண்ட க்ரூவால் யாருக்கும் பயனில்லை.

சேர்ந்து ஓட்டிப் பழகுவதன் அருமைக்கு ஓர் உதாரணம் உண்டு. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய இந்தியக் கடற்படைப் பாய்மரப் படகு ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைகளில் மட்டும் நின்று எட்டு மாதம். அவர்கள் கடற்படை அதிகாரிகள். அவர்களுடைய ஒழுங்கை விடுமுறைப் பயணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதற்கு முன்பே அதே படகில் போர்ட் பிளேருக்கும் மொரீஷியஸுக்கும் இருவர் மட்டுமாகப் போய் வந்திருந்தார்கள். ஒருவர் தூக்கம் கெட்டால் எப்படி நடந்துகொள்வார் என்பது மற்றவருக்குப் பெருங்கடலுக்கு முன்பே தெரியும். லாஸ் பால்மாஸில் படகு தேடுபவருக்கு அத்தனை அவகாசம் கிடையாது. பக்கத்துத் தீவு வரை ஓர் இரவுப் பயணமாவது கேட்டு வாங்கலாம்.

இனி கடலில். நீண்ட பயணத்தில் எல்லா மரியாதைகளும் கடைசியில் தூக்கத்தில் வந்து முடியும். மூன்று பேர் இருந்தால் மூன்று மணி நேரக் காவல், ஆறு மணி நேர ஓய்வு. இருவர் என்றால் மூன்றுக்கு மூன்று. இந்தக் கணக்கில் பத்து நிமிடம் தாமதமாக மேலே வருகிறவர் இன்னொருவருடைய தூக்கத்திலிருந்து பத்து நிமிடம் எடுக்கிறார். முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஐந்தாம் நாள் அது படகு முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும்.

முறை மாற்றுவதற்கென்று ஒரு பாங்கு உண்டு. காவலில் இருப்பவர் கால் மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெயர் சொல்லி மெதுவாக எழுப்ப வேண்டும். வெள்ளை விளக்கைப் போடக் கூடாது, சிவப்பு விளக்குதான். மழையா, குளிரா என்று சொன்னால் வருகிறவர் அதற்கேற்ற உடையோடு வருவார். ஒரு கோப்பைத் தேநீர் தயாராக இருந்தால் அந்த க்ரூவுக்கு அடுத்த பருவத்திலும் அழைப்பு நிச்சயம். பிறகு ஒப்படைப்பு: திசை என்ன, எந்தப் பாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தக் கப்பல் எந்தப் பக்கம் தெரிகிறது, காற்று மாறியதா? வந்தவரின் கண் இருட்டுக்குப் பழகும்வரை இறங்கிப் போகாமல் கூட நிற்பதும் இதில் சேரும்.

கடல்வழி மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எப்போதும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது. சின்னப் படகுக்கும் விலக்கில்லை. அடிவானத்தில் விளக்குப் புள்ளியாகத் தெரியும் சரக்குக் கப்பல் பக்கத்தில் வர இருபது நிமிடம்கூட ஆகாமல் போகலாம். கப்பல்களின் இருப்பிடத்தை ஏ.ஐ.எஸ். கருவியின் திரை காட்டும் என்று நம்பிக் கீழே உட்கார்ந்திருப்பது காவல் அல்ல. எல்லா மீன்பிடிப் படகுகளிலும் அந்தக் கருவி இருப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்தபின் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது: கண் கைப்பேசியில், காது இயர்போனில். காவல் நேரத்தில் கைப்பேசி உண்டா இல்லையா, இணையத்துக்கான மின்சாரம் நாளுக்கு எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிட வேண்டும்.

இரவில் தனியாக முன்தளத்துக்குப் போகக் கூடாது. படியேறி வெளியே வரும்முன் பாதுகாப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். ஆண்கள் படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிப்பதை இரவில் அறவே விட வேண்டும். இவை ஸ்கிப்பரின் விருப்பம் சார்ந்தவை அல்ல. நள்ளிரவில் ஒருவர் சத்தமில்லாமல் விழுந்தால் அடுத்த முறைக்காரர் எழும்வரை யாருக்கும் தெரியாது.

சந்தேகம் வந்தால் ஸ்கிப்பரை எழுப்பு என்று எல்லாப் படகிலும் சொல்வார்கள். இதில் சோதனை ஸ்கிப்பருக்குத்தான். மேகத்தைக் கப்பல் என்று நினைத்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிய புதியவரிடம் அவர் ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும். உண்மையான கப்பல் வரும் இரவில் அந்தப் புதியவர் இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போமே என்று காத்திருப்பார். "எழுப்பியது சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கிறவரின் படகில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

படகுக்குள் வாழும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மடித்துவைக்க முடியாத சூட்கேஸுக்குப் படகில் இடமே கிடையாது, மென்பை மட்டும். கறுப்புத் தடம் பதிக்கும் காலணி தேக்குத் தளத்தில் ஏறக் கூடாது. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இல்லாத படகில் பாத்திரம் உப்புநீரில் கழுவி, நன்னீரில் ஒரு அலசல், குளியலும் அப்படியே. கழிப்பறைப் பம்பை ஸ்கிப்பர் செய்து காட்டும்போது கவனமாகப் பார்க்க வேண்டும். வாய்வழியே உள்ளே போகாத எதையும், மெல்லிய காகிதம் தவிர, அதற்குள் போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் ஆடும் படகில் அதைப் பிரிக்கப்போவது ஸ்கிப்பர்தான்; அவர் அதை மறக்க மாட்டார். சமையல் முடிந்ததும் காஸ் வால்வை மூட வேண்டும். கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். போதைப்பொருள் துளிகூடக் கூடாது. அதற்காகப் படகையே பறிமுதல் செய்யும் நாடுகள் உண்டு. டாக்டர் எழுதிய மருந்துகளைக் கூட ஸ்கிப்பரிடம் சொல்லிவிட வேண்டும்.

குமட்டலையும் மறைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் பலருக்கும் வரும். வாந்தி காற்று போகும் பக்கம், கயிறு மாட்டிக்கொண்டு. சைவ உணவுக்காரர்கள் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. இங்கே தமிழ்ச் சமையல் தெரிந்தவருக்கு ஒரு சாதகமும் உண்டு: நெடும்பயணப் படகுகள் பலவற்றில் பிரஷர் குக்கர் இருக்கிறது, காஸ் மிச்சமாகும், அலையில் மூடி கழலாது. ஆடும் அடுப்பில் பருப்பும் சோறும் அரை மணியில் இறக்குகிறவருக்குப் பாய் கட்டும் வேலையில் கொஞ்சம் சலுகை கிடைக்கும்.

ஸ்கிப்பரின் கடமைகளும் இதே நீளம். கிளம்புவதற்கு முன் தீயணைப்பான் எங்கே, அவசர ரேடியோ எப்படி, ஆள் விழுந்தால் யார் என்ன செய்வது என்று ஒரு மணி நேரமாவது காட்ட வேண்டும். அவரே விழுந்துவிட்டால் படகை நிறுத்தத் தெரிந்த ஒருவராவது வேண்டுமல்லவா? திட்டத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் தினம் ஒருவேளை, மதியச் சாப்பாட்டின்போது, எங்கே இருக்கிறோம், வானிலை என்ன, பாயில் என்ன மாற்றம் என்று பேசும் படகுகளில் முணுமுணுப்பு குறைவு. காசு கொடுத்து வந்தவரை மூன்று வாரமும் உருளைக்கிழங்கு உரிக்க வைத்துவிட்டுச் சுக்கானைத் தொடவிடாதவர் ஸ்கிப்பர் என்ற பெயருக்கு அருகதை இல்லாதவர்.

அதிகாரம் யாரிடம் என்பது மங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதே கடல்வழியில் ஒரு கொடூரமான வழக்கு உண்டு. 1981 நவம்பரில் கிரான் கனாரியாவிலிருந்து பார்படோஸுக்குக் கிளம்பிய 'அப்போலோனியா' என்ற ஜெர்மானியப் படகில் ஆறு பேர். உரிமையாளரைவிட அனுபவசாலி என்று தன்னைக் கருதிய ஒருவர் வழிகாட்டும் பொறுப்பில் இருந்தார். படகு யார் கையில் என்ற இழுபறி முற்றி, டிசம்பரில் உரிமையாளரும் அவருடைய தோழியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவருக்குப் பிரெமன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. கோடியில் ஒன்றான நிகழ்ச்சி. ஆனால் அதன் தொடக்கம் எந்தப் படகிலும் நடக்கக்கூடியது: உரிமையாளர் ஒருவர், திறமை இன்னொருவரிடம், இருவரில் யார் ஸ்கிப்பர் என்பதைக் கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்கிப்பரும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்று காட்டியதும் ஒரு பாய்மரப் படகு வழக்குதான். 1884இல் சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னிக்குப் போன 'மினியோனெட்' மூழ்க, சிறு படகில் தப்பிய நால்வரில் பதினேழு வயது வேலைக்காரச் சிறுவனைக் கேப்டன் கொன்றார். மூவரும் அவனை உண்டு பிழைத்தார்கள். பட்டினி கொலைக்கு நியாயமாகாது என்றது தீர்ப்பு. மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. இன்றைய க்ரூவுக்கு இதன் பொருள் எளிது. கீழ்ப்படிவது படகை ஓட்டும் விஷயத்தில். குடித்துவிட்டுச் சுக்கான் பிடிக்கும் ஸ்கிப்பரிடம், கைநீட்டும் ஸ்கிப்பரிடம், சட்டவிரோதமாக எதையாவது ஏற்றச் சொல்லும் ஸ்கிப்பரிடம் அது செல்லாது. அடுத்த துறையில் இறங்கிவிடலாம்.

இறங்குவதற்கும் முறை இருக்கிறது. பாதியில் விலகுவதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை ஆரம்ப மின்னஞ்சலிலேயே எழுதியிருக்க வேண்டும். ராட்னி பேயில் கட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு மதுக்கடைக்கு ஓடக் கூடாது. முதலில் ஸ்கிப்பர் மஞ்சள் கொடி ஏற்றி அதிகாரிகளிடம் போய் வருவார். அதுவரை யாரும் கரையில் கால் வைப்பதில்லை. பிறகு படகை உப்புப் போகக் கழுவுவது, படுக்கை விரிப்பைத் துவைப்பது, கணக்கைப் பார்த்து மீதியைக் கொடுப்பது. கடைசியாக இருவரும் சேர்ந்து குடிவரவு அலுவலகம் போய்ப் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் விமானம் ஏறினால், படகு கிளம்பும் நாளில் ஸ்கிப்பர் ஓர் ஆள் குறைவதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார்.

அனுபவமே இல்லாதவர்கள் பெருங்கடலில் தொடங்க வேண்டியதில்லை. சென்னையில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சிறு பாய்ப்படகில் கயிறும் காற்றும் பழகிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பனாமா கால்வாய் நல்ல முதற்படி. கால்வாயைக் கடக்கும் சிறு படகு ஒவ்வொன்றிலும் ஸ்கிப்பரைத் தவிரக் கயிறு பிடிக்க நால்வர் இருந்தாக வேண்டும். 125 அடி நீளக் கயிறுகள் நான்கு. இரண்டே பேர் வாழும் படகுகள் அதற்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இரண்டு நாள் வேலை, இடையில் காட்டூன் ஏரியில் ஓர் இரவு. கால்வாய் நிர்வாகம் அனுப்பும் ஆலோசகருக்குச் சூடான சாப்பாடும் மூடி திறக்காத பாட்டில் தண்ணீரும் கொடுப்பது ஸ்கிப்பரின் பொறுப்பு. கயிறு பிடிப்பவருக்குச் சாப்பாடு, படுக்க இடம், திரும்பிப் போகப் பேருந்துக் காசு. கேட்க வேண்டியவற்றைக் கேட்டுப் பழக அந்த இரண்டு நாள் தாராளம்.